கேள்வி கேட்டா விசுவாசம் போயிருமா?

எங்கள் கரையில் கத்தோலிக்கராகப் பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு பதில் மனப்பாடம்: “அப்படியெல்லாம் கேக்கக் கூடாது, பாவம்.” ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கேட்டாலும் இதுதான், வீட்டில் கேட்டாலும் இதுதான். ஆதாமுக்கும் ஏவாளுக்கும் பிறந்த பிள்ளைகள் யாரைக் கல்யாணம் கட்டினாங்க? டைனோசரை ஆண்டவர் எந்த நாளில் படைச்சார்? நல்லவங்க ஏன் அநியாயமாச் சாகிறாங்க? முதல் இரண்டு கேள்விக்குப் பெரியவர்கள் சிரித்துவிட்டாவது போவார்கள். மூன்றாவதுக்கு முகம் மாறிவிடும்.

அப்படிச் சொல்லுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. விசுவாசம் ஒரு கண்ணாடிச் சாமான், கை பட்டால் விழுந்து உடைந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. என்னிடம் கேட்கப்பட்டதும் நானே கேட்டதுமாகப் பல கேள்விகளைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். இன்னமும் கிறிஸ்தவனாகத்தான் இருக்கிறேன். ஏன் என்று இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களில் சைவர்கள், முஸ்லிம்கள், மதமே வேண்டாம் என்கிறவர்கள் எல்லாரும் இருப்பீங்க. யாரையும் மாத்துறதுக்கு எழுதல. என்னிடம் கேள்வி கேட்டவங்களில் பாதிப் பேர் நீங்கதான். அதனால பதில் சொல்ல வேண்டிய கடமை ஒன்று இருக்கு.

நான் கற்பிட்டிப் பக்கம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் ஒடுங்கின ஒரு நிலத்துண்டு. ஆகஸ்டில் தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குச் சிங்களவரும் தமிழரும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் நேர்த்தி வைத்து வருவார்கள். தெற்கே போனால் உடப்பு. அங்கே திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதிப்பும். இன்னும் போனால் சிலாபத்துக்குப் பக்கத்தில் முன்னேஸ்வரம். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தலைமுறை தலைமுறையாக முஸ்லிம்கள். 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து குடியேறியதும் எங்கள் மாவட்டத்தில்தான். இப்படி ஓர் இடத்தில் வளர்ந்தால் உங்கள் மதத்தை யாரும் சும்மா விடமாட்டார்கள். பக்கத்து மேசையில் இருக்கிறவனே கேட்பான்.

முதலில் கேட்டது உடப்பில் இருந்து வந்த ஒரு கூட்டாளி. “இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த மதம்தானேடா? அவன் வந்து முன்னேஸ்வரத்தை இடிச்சான்தானே?”

இடித்தான். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. 1578இல் போர்த்துக்கேயர் முன்னேஸ்வரம் சிவன் கோயிலை அழித்தார்கள். பிறகு அந்த இடம் யேசு சபைத் துறவிகளிடம் கொடுக்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில்தான் கோயில் திரும்ப எழுந்தது. அந்த நாளில் இந்தக் கரையில் ஞானஸ்நானம் எடுத்தவர்களில் சலுகைக்காக எடுத்தவர்களும் உண்டு, பயத்தில் எடுத்தவர்களும் உண்டு. என் முப்பாட்டனுக்கு முப்பாட்டன் எதற்காக எடுத்தார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் கத்தோலிக்கருக்கு எதிரிகள். குருமாரைத் துரத்தினார்கள், பூசையைத் தடைசெய்தார்கள், கோயில்களைப் பறித்தார்கள். சலுகை இப்போது மறுபக்கம் இருந்தது. கத்தோலிக்கராக இருந்தால் நட்டம். ஏறத்தாழ முப்பது வருஷம் குருவானவர் இல்லாமல் சனம் இருந்தது. அதிகாரத்துக்காக மட்டும் வந்த மதம் என்றால் அந்த முப்பது வருஷத்தில் அது செத்திருக்க வேண்டும்.

சாகவில்லை. 1687இல் கோவாவிலிருந்து ஒரு கொங்கணிக் குருவானவர் கூலியாள் வேஷத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். அவர்தான் யோசப் வாஸ் அடிகளார். பின்னால் ஒரு கப்பலும் இல்லை, படையும் இல்லை. தமிழும் சிங்களமும் படித்தார். அங்கிருந்து அப்போது கண்டி இராச்சியத்தில் இருந்த எங்கள் புத்தளத்துக்கு வந்தார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றன் என்று சொல்லிப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். பிற்பாடு கண்டியில் அம்மை நோய் பரவி, நோயாளிகளைச் சொந்தக்காரரே கைவிட்டுப் போனபோது, அவர்களைத் தூக்கிக் கழுவிப் பார்த்தவர் இந்த மனுஷன்தான். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

இதைச் சொன்னதும் என் கூட்டாளி, “சரி, நல்லவர் ஒருத்தர் இருந்தார். அதுக்காக முன்னேஸ்வரம் இடிக்காமப் போயிருமா?” என்றான். நியாயமான கேள்வி. ஒரு நல்லவரை வைத்து ஒரு குற்றத்தை அடைக்க முடியாது.

நான் சொன்ன பதில் வேறு. கோயிலை இடித்தது தப்பு என்று எனக்குச் சொல்லித் தருவதே என் விவிலியம்தான். அந்தப் புத்தகம் தன் ஆட்களுக்கு ஆலவட்டம் பிடிக்கிற புத்தகம் இல்லை. தாவீது ராசா அடுத்தவன் பெண்சாதியை எடுத்து, புருஷனையும் கொல்ல வைத்தபோது, நாத்தான் என்ற இறைவாக்கினர் அரண்மனைக்குள்ளேயே போய், ஒரு ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி, ராசாவின் வாயாலேயே தீர்ப்பை வாங்கி, அந்த ஆள் நீதான் என்று காட்டுகிறார். ஆமோஸ், எரேமியா எல்லாரும் சொந்தக் கோயிலையும் சொந்தக் குருமாரையும்தான் கிழிக்கிறார்கள். கடைசியில் நாங்கள் கும்பிடுகிறவரே ஒரு பேரரசின் சிலுவையில், தன் மதத் தலைவர்களின் சம்மதத்தோடு செத்தவர். அப்படிப்பட்டவரின் பெயரில் ஒரு பேரரசு போய் இன்னொருவரின் கோயிலை இடித்தால், தீர்ப்பு யாருக்கு விழும் என்பதில் குழப்பமே இல்லை. 2000 மார்ச் 12ஆம் திகதி இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் உரோமையில், உண்மையின் பேரைச் சொல்லித் திருச்சபையின் பிள்ளைகள் செய்த வன்முறைகளுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுச் செபித்தார். தாமதம்தான். ஆனால் அந்த மன்னிப்பை வெளியில் இருந்து யாரும் கொண்டுவந்து திணிக்கவில்லை. வீட்டுக்குள் இருந்த அளவுகோலே அதைக் கேட்டது.

இரண்டாவது கேள்வி மதம் வேண்டாம் என்கிற ஒரு அக்காவிடமிருந்து வந்தது. கெட்டிக்காரி, விஞ்ஞானப் பிரிவு. “செத்தவர் எழும்பினார்னு நம்புறியே, அதுக்கு என்ன ஆதாரம்? நாலு நற்செய்தியும் நாலு மாதிரிச் சொல்லுதே?”

நாலு மாதிரித்தான் சொல்லுகின்றன. கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர், அங்கே இருந்த வானதூதர் ஒருவரா இருவரா என்பதில் பொருத்தம் இல்லை. மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய கைப்பிரதிகளில், அந்தப் பெண்கள் பயந்து ஓடி ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு கதை நின்றுவிடுகிறது. மிச்ச வசனங்கள் பிறகு சேர்ந்தவை என்பது அறிஞர்களில் பெரும்பாலோரின் முடிவு. இதை எங்களுக்கு மறைத்து வைக்கவில்லை, எங்கள் குருமடங்களிலேயே படிப்பிக்கிறார்கள்.

எனக்கு இது பலவீனமாகத் தெரியவில்லை. பொலிஸ் நிலையத்தில் நாலு சாட்சிகள் எழுத்துப் பிசகாமல் ஒரே வாக்குமூலம் கொடுத்தால், அவர்களை யாரோ உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைப்போம். இங்கே ஓரங்கள் பொருந்தவில்லை, நடு பொருந்துகிறது: சிலுவையில் செத்தார், அடக்கினார்கள், கல்லறை வெறுமையாக இருந்தது, அதை முதலில் பார்த்தவர்கள் பெண்கள். அந்தக் காலத்தில் பெண்களின் சாட்சியத்துக்குப் பெரிய மதிப்பு இல்லை. கட்டுக்கதை கட்டுகிறவன் இராயப்பரையோ அருளப்பரையோ முன்னால் அனுப்பியிருப்பான். மகதலா மரியாவை அனுப்பியிருக்க மாட்டான்.

இன்னொன்று, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம். இயேசு செத்து ஏறத்தாழ 25 வருஷத்தில் எழுதினது. அதில் அவர் உயிர்த்தவரைக் கண்டவர்களின் பட்டியல் ஒன்று போடுகிறார். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் கண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். அதாவது, போய்க் கேட்டுப் பார் என்கிறார். அதோடு விடவில்லை. கிறிஸ்து உயிர்க்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வெறுமை, உங்கள் விசுவாசமும் வெறுமை என்று எழுதி வைத்துவிடுகிறார். எது பொய்யானால் எல்லாமே பொய்யாகும் என்று தானே சுட்டிக் காட்டுகிற ஒரு மதத்தை, கேள்விக்குப் பயப்படுகிற மதம் என்று சொல்வது கஷ்டம்.

இயேசு என்று ஒருவர் இருந்தாரா என்று கேட்கிறவர்களும் உண்டு. கிறிஸ்தவர்களைப் பிடிக்காத உரோமை வரலாற்றாசிரியர் தாசித்துஸ், போஞ்சு பிலாத்து காலத்தில் கிறிஸ்து கொல்லப்பட்டதை எழுதியிருக்கிறார். வரலாற்றாசிரியர்களிடையே இதில் பெரிய சண்டை இல்லை.

விஞ்ஞானத்தைப் பற்றியும் அந்த அக்கா கேட்டார். அதற்கு நான் அதிகம் கஷ்டப்படவில்லை. பிரபஞ்சம் விரிகிறது, ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து வந்தது என்ற கொள்கையை முதலில் முன்வைத்தவர்களில் ஒருவர் பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குருவானவர், ஜார்ஜ் லெமேத்ர். 1996இல் பாப்பரசர், பரிணாமம் வெறும் ஊகத்தைத் தாண்டியது என்று சொல்லிவிட்டார். டைனோசர் கேள்விக்குச் சிலுவை போட வேண்டிய தேவையே இல்லை.

இதெல்லாம் சேர்த்தால் உயிர்ப்பு நிரூபணமாகிவிட்டதா? இல்லை. ஒரு ஆய்வுகூடத்தில் வைத்துக் காட்டுகிற மாதிரி இதை யாராலும் காட்ட முடியாது. எங்கள் ஆட்கள் தொழிலுக்குப் போகிறதைப் பாருங்கள். சோளகக் காலத்தில் படகை இறக்குவதற்கு முன்னால் அப்பா வானத்தைப் பார்ப்பார், காற்றைப் பார்ப்பார், அலை உடைகிற விதத்தைப் பார்ப்பார், இப்போது போனில் வானிலையும் பார்ப்பார். பார்க்காமல் இறங்குகிறவனைத் தைரியசாலி என்று யாரும் சொல்வதில்லை, மடையன் என்பார்கள். ஆனால் எல்லாம் பார்த்து முடித்த பிறகும், கரையை விட்டுத் தள்ளுகிற அந்த ஒரு தள்ளல் நிரூபணத்தால் வருவதில்லை. விசுவாசம் எனக்கு அப்படித்தான். கண்ணை நல்லாத் திறந்து பார்த்துவிட்டுத் தள்ளுகிறேன். அந்த அக்கா பார்த்துவிட்டுக் கரையில் நிற்கிறார். எங்களுக்குள் இன்னமும் நல்ல பழக்கம்தான்.

இதுவரை சொன்னது புத்தகக் கேள்விகள். இனி வருவது வேறு.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. எங்கள் மாவட்டத்தின் தெற்கு எல்லை மகா ஓயா. அதைத் தாண்டினால் நீர்கொழும்பு. அங்கே கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தில் காலைப் பூசையில் குண்டு வெடித்தது. அந்த ஒரு கோயிலில் மட்டும் நூறுக்கும் அதிகமானோர் செத்தார்கள். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள் என்று எல்லாமாக 260க்கும் அதிகமானோர். எங்கள் கரையில் சொந்தக்காரரோ தெரிந்தவர்களோ அங்கே இல்லாத குடும்பம் குறைவு.

என் மாமி ஒருவர் அன்றைக்கு அந்தப் பூசையில் இருந்தார். கைப்பிள்ளை அழுததால் தூக்கிக்கொண்டு வெளியே மதிலோரம் வந்தார். அதனால் பிழைத்தார். உள்ளே அவர் இருந்த வாங்கில் பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். “ஆண்டவர் உன்னைக் காப்பாத்திட்டார்.” ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். மாமி பல நாள் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் மட்டும் சொன்னார்: “என்னைக் காப்பாத்தினார்னா, அந்தப் பிள்ளைகளை ஏன் விட்டார்? அதுகள் என்ன செஞ்சுதுகள்? இனி அப்படி என்கிட்டச் சொல்ல வேணாம்.” வீடு அமைதியாகிவிட்டது. யாரோ ஒரு பெரியவர் மெல்ல, “அப்படியெல்லாம் பேசக் கூடாது” என்றார்.

நான் மாமி பக்கம். விவிலியமும் மாமி பக்கம்தான். யோபு புத்தகம் 42 அதிகாரம். பிள்ளைகளையும் சொத்தையும் உடம்பையும் இழந்த ஒரு மனுஷன் குப்பைமேட்டில் இருந்து கடவுளைப் பார்த்து ஏன் என்று கத்துகிறான். அவனுடைய கூட்டாளிகள் வந்து கடவுளுக்காக வாதாடுகிறார்கள்: நீ ஏதாவது பாவம் செஞ்சிருப்பாய், கடவுள் காரணம் இல்லாமல் அடிக்க மாட்டார், பேசாமல் மன்னிப்புக் கேள். பக்திமான்கள் பேசுகிற பேச்சு. கடைசியில் கடவுள் வந்து யார் மேலே கோபப்படுகிறார் தெரியுமா? அந்தக் கூட்டாளிகள் மேலே. என்னைப் பற்றி யோபு பேசினதுதான் சரி, நீங்கள் பேசினது சரியில்லை என்கிறார். கேள்வி கேட்டவன் பாஸ், கடவுளுக்கு வக்கீல் வேலை பார்த்தவர்கள் பெயில். ஆனால் யோபுவுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. ஏன் இது நடந்தது என்ற விளக்கம் கடைசி வரைக்கும் இல்லை.

கட்டுவாப்பிட்டிக்கும் என்னிடம் விளக்கம் இல்லை. எல்லாம் ஆண்டவரின் சித்தம் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. குண்டை வைத்தது மனுஷன். தடுக்கக் கூடியவர்கள் தடுக்காமல் இருந்ததும் மனுஷர். அதைக் கடவுளின் தலையில் கட்டுவது யோபுவின் கூட்டாளிகள் செய்த வேலை.

அப்படியென்றால் விசுவாசம் இங்கே என்னத்துக்கு? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நாங்கள் கும்பிடுகிறவர் சிலுவையில் தொங்கிக்கொண்டு, தன் பிதாவைப் பார்த்து, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டபடி செத்தவர். அவருக்கும் வானத்திலிருந்து உடனே பதில் வரவில்லை. மாமியின் கேள்வியைப் பாவம் என்றால் அவருடைய கேள்வியையும் பாவம் என்க வேண்டும். நற்செய்தியாளர்கள் அதைக் கேவலம் என்று நினைத்து மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

எங்கள் கரைக்கு இது புதிசும் இல்லை. யோசப் வாஸுக்குப் பிறகு வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். அவரும் கோவாக்காரர். தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தவர், 1742இல் எங்கள் மாவட்டத்துப் போலவத்தையில் காலமானார். தவக்காலத்தில் எங்கள் ஆட்கள் இராகம் இழுத்து வாசிக்கிற வியாகுல பிரசங்கம் அவர் எழுதினது. சின்னதில் அதைக் கேட்டால் எனக்குச் செத்த வீட்டு ஒப்பாரி மாதிரி இருக்கும், எப்போது முடியும் என்று பார்ப்பேன். இப்போது விளங்குகிறது: கடவுளுக்கு முன்னால் அழுவதற்கும் முறையிடுவதற்கும் ஒரு இடம் வைத்திருக்கிற மதம் இது. எல்லாரும் எப்போதும் சிரித்துக்கொண்டு அல்லேலூயா பாடத் தேவையில்லை.

கட்டுவாப்பிட்டிக் கோயிலில் உயிர்த்த இயேசுவின் சொரூபம் ஒன்று இருக்கிறது. அன்றைக்குத் தெறித்த இரத்தம் அதில் அப்படியே இருக்கிறது. கழுவாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். உயிர்த்த பிறகும் தோமாவுக்குக் காட்டப்பட்ட உடம்பில் காயங்கள் இருந்தன என்று நற்செய்தி சொல்கிறது. காயம் ஆறினதாகக் காட்டிக்கொள்ளாத உயிர்ப்பு. மாமி இப்போதும் அந்தக் கோயிலுக்குத்தான் பூசைக்குப் போகிறார். ஆண்டவர் காப்பாத்தினார் என்று இன்னும் சொல்வதில்லை. “அவர் அங்க இருந்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்” என்பார்.

கடைசிக் கேள்விதான் எனக்கு மிகக் கஷ்டமானது. கேட்டவன் என் முஸ்லிம் கூட்டாளி. அவனுடைய வாப்பா சின்னப் பையனாக 1990இல் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தவர்.

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வந்த மே 12ஆம் திகதி, ஒரு பேஸ்புக் பதிவைச் சாட்டி, சிலாபத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அடுத்த நாள் அது குருநாகல், கம்பஹா மாவட்டங்களுக்கும் பரவியது. எங்கள் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் மனுஷன் கொல்லப்பட்டார். கர்தினால் மல்கம் ரஞ்சித், பழி வாங்க வேண்டாம், யார் மேலும் கை வைக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை.

என் கூட்டாளி கேட்டான்: “மச்சான், ஏப்ரல்ல இருந்து வாற போற எல்லாரும் என்கிட்ட விளக்கம் கேக்கிறாங்க. நான் செஞ்ச மாதிரி. சரி, நான் பதில் சொல்றேன். மே மாசத்துக்கு நீ பதில் சொல்லு. உங்கட சிலுவை அன்டைக்கு யாரைத் தடுத்திச்சு?”

கலவரம் செய்தவர்கள் அரசியல்காரரின் ஆட்கள், வெளியில் இருந்து வந்தவர்கள் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் நல்ல சமாரியன் கதையைச் சின்னதில் இருந்து கேட்டு வளர்ந்தவன் அப்படிப் பேச முடியாது. என் அயலான் யார் என்று ஒரு சட்ட அறிஞர் இயேசுவைக் கேட்கிறார். இயேசு கதையைச் சொல்லிவிட்டு, அடிபட்டுக் கிடந்தவனுக்கு யார் அயலானாக நடந்தான் என்று கேள்வியைத் திருப்பிக் கேட்கிறார். கதையில் பார்த்தும் பாராமல் போனவர்கள் குருவும் லேவியரும், அதாவது கோயில்காரர்கள். நின்று தூக்கினவன் வேறு மார்க்கத்தான்.

அதனால் அவனுக்கு நான் சொன்னது: “நீ கேக்கிறது சரி. நீ எங்களை அளக்கிற கோல் எங்கட புத்தகத்திலயே இருக்கு.” அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அந்தக் கோலை எடுத்து உங்கட ஆக்களுக்கும் காட்டு” என்றான். இந்தக் கட்டுரைக்கு ஒரு காரணம் அந்தச் சொல்.

கிறிஸ்தவர்களின் நடத்தையைப் பார்த்து விசுவாசத்தைத் தூக்கி எறிகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் எறியும்போது கையில் பிடித்திருக்கிற நியாயத்தைக் கொஞ்சம் பார்க்கச் சொல்வேன். எளியவனை மிதிக்காதே, அந்நியனை உன்னைப் போல் நேசி, பகைவனுக்காகச் செபி. இவை வேறு வழிகளிலும் வேறு மார்க்கங்களிலும் மனுஷருக்குக் கிடைத்திருக்கின்றன, மறுக்கவில்லை. எனக்கு அவை கிடைத்தது இந்தக் கோயில் வாங்கில்தான்.

கேள்வி என்பது கடவுளைப் பார்த்து மட்டும் கேட்கிறதும் இல்லை. 2019 ஜனவரியிலேயே எங்கள் மாவட்டத்து வனாத்தவில்லில் ஒரு தென்னந்தோட்டத்தில் வெடிபொருட்கள் பிடிபட்டன. ஏப்ரலில் புலனாய்வு எச்சரிக்கையும் வந்தது. அப்படியிருந்தும் ஏன் தடுக்கவில்லை? பாதிக்கப்பட்ட குடும்பங்களும் குருமாரும் உட்படப் பலர் இந்தக் கேள்வியை உயர் நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோனார்கள். 2023 ஜனவரி 12ஆம் திகதி தீர்ப்பு வந்தது: முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும், பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்பு உயர் அதிகாரிகளும் கட்ட வேண்டும். மன்னித்துவிட்டோம், ஆனால் உண்மை தெரிய வேண்டும் என்று எங்கள் சனம் வருஷா வருஷம் ஏப்ரல் 21இல் மெழுகுதிரியோடு நிற்கிறது. வாயை மூடிக்கொண்டு செபம் மட்டும் பண்ணு என்று சொல்லிக் கொடுத்த விசுவாசத்தால் இதைச் செய்திருக்க முடியாது.

எல்லாக் கேள்வியும் நேர்மையான கேள்வி என்றும் நான் சொல்ல வரவில்லை. 1873 ஆகஸ்டில் பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரருக்கும் மெதடிஸ்த போதகர் டேவிட் டி சில்வாவின் தரப்புக்கும் பெரிய வாதம் நடந்தது. ஆயிரக்கணக்கில் சனம் கூடியது. தேரர் வென்றார் என்பதுதான் ஊர் சொன்ன முடிவு. கிறிஸ்தவம் அன்றைக்குத் தோற்றுச் சாகவும் இல்லை, பௌத்தத்தை முன்னமே போதகர்மார் எழுதிக் கிழித்ததில் அது சாகவும் இல்லை. மற்றவனை மடக்குவதற்குக் கேட்கிற கேள்வியில் யாரும் ஒன்றும் படிப்பதில்லை. பதில் எனக்குப் பிடிக்காததாக இருந்தாலும் கேட்டுக்கொள்வேன், அதற்காக நான் மாறவும் தயார் என்று கேட்கிறதுதான் நேர்மையான கேள்வி. கேட்கிறவனுக்கும் அது பொருந்தும், பதில் சொல்கிற குருவானவருக்கும் பொருந்தும்.

தமிழருக்கு விசுவாசத்தைக் கொண்டுவந்தவர் என்று எங்கள் பாரம்பரியம் சொல்கிறது யாரை? தோமாவை. சென்னையில் சாந்தோம் அவருடைய கல்லறை மேல்தான் நிற்கிறது என்பார்கள். பன்னிருவரில் எங்களுக்குக் கிடைத்தவர் அந்தச் சந்தேகக்காரர். அவருடைய கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம், விரலை விட்டுப் பார்ப்பேன் என்று அவர் சொல்கிற இடம் இல்லை. அதற்குப் பிறகு எட்டு நாள் போகிறது. அந்த எட்டு நாளும் அவர் நம்பவில்லை. மற்றவர்கள் நம்பினார்கள். ஆனாலும் எட்டாம் நாள் அவர் அவர்களோடு அதே வீட்டுக்குள்தான் இருக்கிறார். நம்பாதவனை அவர்கள் வெளியே போடவும் இல்லை, அவர் கோபித்துக்கொண்டு போகவும் இல்லை.

எங்கள் பங்குகளில் அந்த எட்டு நாளுக்கு இடம் வேண்டும். மறைக்கல்வி படிப்பிக்கிறவர்கள், பெற்றோர், குருமார் இதை வாசித்தால் ஒன்று கேட்கிறேன்: பிள்ளை கேள்வி கேட்டால், பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பாவம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பிறகு பிள்ளை கேட்பதை நிறுத்தாது, உங்களிடம் கேட்பதைத்தான் நிறுத்தும். கேட்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று: கேள்வியை வைத்துக்கொண்டு வெளியே போய்விட வேண்டாம். உள்ளே வந்து வாங்கில் உட்கார்ந்து கேளுங்கள். யோபு, தோமா, என் மாமி எல்லாரும் அந்த வாங்கில்தான் இருக்கிறார்கள்.